சொன்ன பத்துப் பவன்

யாரும் கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நிச்சயதார்த்தத்தன்று பள்ளுருத்தியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கைகழுவி, வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா அங்கம்மாள் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் மகளுக்கு உங்கள் இஷ்டம்போலப் போடுங்கள், நாங்கள் நிறுத்துப் பார்க்கிற ஆட்கள் இல்லை. அதோடு பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். பெண்ணின் அம்மா ஆவுடையம்மாள் போகவிடவில்லை.

“பத்துப் பவன் போடுதோம் மைனி” என்றாள்.

முப்பது பேர் கேட்டார்கள். வாசலில் செருப்புக்குக் காவல் நின்ற ஆள்கூடக் கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வரவேண்டும், இவளுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் காரணம் இல்லாமல் அவள் வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரைமணி நேரம் முன்பு, மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை, கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு வந்தவள், “அம்மாவுக்கு இப்பவும் ரோட்டுலதான் ஜோலியா?” என்று கேட்டிருந்தாள். கெட்ட எண்ணத்தோடு கேட்டாளோ, பேச வேறு ஒன்றும் கிடைக்காமல் கேட்டாளோ தெரியாது. ஆவுடையம்மாள் இருபத்தாறு வருஷமாகக் கொச்சி கார்ப்பரேஷன் துப்புரவுக்காரி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை விடியுமுன் கூட்டுகிறவள். மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் இறங்குகிற அந்தத் தெருவைத் தும்மாமல் கூட்டுவதற்கே தனித் தேர்ச்சி வேண்டும். அந்த வேலையைப் பற்றி அவளுக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அன்றைக்கு, மகள் பட்டுக் கட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி அவளைச் சுட்டுவிட்டது. சுட்ட இடத்துக்கு மருந்துபோலப் பத்துப் பவனை எடுத்துப் பூசிக்கொண்டாள்.

அன்றைக்குப் பவன், அதாவது எட்டு கிராம் தங்கம், அறுபதாயிரத்தை எட்டியிருக்கவில்லை. சீட்டுப் பணமும், பி.எஃப்பில் எடுக்கக்கூடியதும், புருஷன் ராமருக்கு ஓய்வு பெற்றபோது வந்ததில் மிச்சமும் சேர்த்தால் பத்துக்குக் காணும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும் என்பது அவள் மனக்கணக்கு. தங்கம் அவளைக் கேட்டுக்கொண்டா ஏறும்? கல்யாணத்துக்கு நாள் குறித்து நகை எடுக்கப் போகிற நேரத்தில் அது தொண்ணூறாயிரத்தைத் தாண்டி நின்றது. தினமும் காலையில் கடைக்காரர்கள் பலகையில் விலையை எழுதிப் போடுவார்கள். அவள் அந்தப் பலகைக்குக் கீழே கூட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள்.

அவளுக்குத் தெரிந்த நகைக்கடை ஒன்று அதே தெருவின் முனையில் இருந்தது. அங்கே விற்பனைக்கு நிற்கிற யூசுப் நல்ல மனுஷன். அவளை உட்காரவைத்துச் சாயா வரவழைத்து, இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று எல்லோரும் எடுக்கிற இருபத்திரண்டு காரட். இருபத்துநான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம். உள்பக்கம் பொடி எழுத்தில் 916 என்று முத்திரை இருக்கும். மற்றது பதினெட்டு காரட். பதினெட்டுப் பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். அதன் முத்திரை 750. விலை ஏறின பிறகு பெரிய வீட்டு ஆட்களே இதைத்தான் கேட்டு வருகிறார்கள், இதுவும் தங்கம்தான், இதில் கள்ளம் ஒன்றும் இல்லை என்றான் யூசுப். அவள் கையிலிருந்த தொகையைக் கேட்டு, கால்குலேட்டரைத் தட்டி அவள் பக்கம் திருப்பினான்.

“சேச்சி, அதுல எட்டுப் பவன். இதுல பத்து. ரெண்டுல எது வேணும்னு வீட்டுல பேசிட்டு வாங்க.”

வீட்டில் பேசினாள். பேசினாள் என்பதைவிட ராமரைப் பேசவிட்டாள் என்று சொல்லலாம், அது அந்த வீட்டில் அபூர்வம். கார்ப்பரேஷன் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ராமர், வண்டி ஓட்டின காலத்தில் ஹாரன் அடித்ததே குறைவு என்று பெயர் வாங்கினவர். அன்றைக்கு அவர் தெளிவாகச் சொன்னார். எட்டு எடுப்போம், நல்லதாக எடுப்போம், விலை ஏறிவிட்டது எட்டுதான் முடிந்தது என்று அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுவோம். விலை ஏறினது பள்ளுருத்திக்காரர்களுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்?

“முப்பது பேரு முன்னால சொன்னது நானு. நீங்க இல்ல” என்றாள் ஆவுடையம்மாள்.

அவள் தனக்குள்ளேயே வக்கீலும் நீதிபதியுமாக இருந்து வழக்கை முடித்துக்கொண்டாள். பவன் என்பது எடை. தராசில் வைத்தால் பத்து நிற்கும். பத்து என்று சொன்னேன், காரட் சொன்னேனா? சொல்லவில்லை. அவர்கள் கேட்டார்களா? கேட்கவில்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது? பொய் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சோறு என்றால் வெந்த சோறு என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. அதுபோலக் கொச்சியில் கல்யாணப் பவன் என்றால் 916தான். தெரிந்துகொண்டேதான் வழக்கை முடித்தாள்.

மகள் மகாவிடமும் சொல்லவில்லை. இருபத்துநாலு வயசு, ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை, தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அவளுக்குத் தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். முதல்நாளே யூசுப்பிடம் போய், என் மகள் வரும்போது அந்தப் பதினெட்டுத் தட்டுகளை மட்டும் காட்டு, காரட் பேச்சை எடுக்காதே என்று கேட்டுக்கொண்டாள். யூசுப் தாடியைத் தடவிக்கொண்டான். கேட்கவில்லை என்றால் சொல்லமாட்டேன், கேட்டால் மறைக்கமாட்டேன், பில்லில் உள்ளது உள்ளபடிதான் இருக்கும் என்றான். மகா கேட்கவில்லை. பச்சைக்கல் பாலக்கா மாலை ஒன்று, நீளச் சங்கிலி ஒன்று, நாலு வளையல், ஜிமிக்கி, மோதிரம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துப் பார்த்து, சந்தோஷமாக எடுத்தாள். பில்லை ஆவுடையம்மாள் வாங்கி ரவிக்கைக்குள் செருகினாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் கப்பைக்கிழங்கு அவித்துக்கொண்டிருக்கும்போது மகா சும்மா ஒரு சேதி சொன்னாள். மாப்பிள்ளை அனீஷின் அக்கா மஞ்சுஷா, பிராட்வேயில் ஒரு பெரிய கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள் அல்லவா, ஓணத்துக்குப் பிறகு அவளை மாடிக்கு மாற்றிவிட்டார்களாம். மாடியில் என்ன என்று ஆவுடையம்மாள் கேட்டாள். தங்கம் என்றாள் மகா.

ஆவுடையம்மாள் சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். காரணம், அவர்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பெண் வீட்டுக்கு வந்து, கூறைச் சேலையைக் கொடுத்து, பெண்ணுக்கு நகை பூட்ட வேண்டும். பூட்டுகிறவள் ஒவ்வொரு நகையாகக் கையில் எடுத்து, இன்ன நகை என்று பேர் சொல்லி, கூடியிருக்கிறவர்கள் காணக் காட்டிவிட்டுத்தான் போடுவாள். அந்தக் காலத்தில் எதற்கு ஏற்பட்டதோ, யார் வீட்டுப் பொருளுக்கு யார் சாட்சியோ, இப்போது அதுவே வழக்கம். சேலை மடிக்கிற கை எடுத்துக் காட்டினால் பயமில்லை. தினம் முப்பது தடவை முத்திரையைத் திருப்பிப் பார்த்துப் பழகின கை எடுத்தால்?

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. அவள் மடியில் சரியாக எண்பது கிராம் கனம் இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக யூசுப்பிடம் ஓடினாள். அந்த எழுத்தைத் தேய்த்து எடுக்க முடியுமா என்று கேட்டாள். தேய்த்தால் அதைத் தங்கம் என்றே யாரும் நம்பமாட்டார்கள், பதினெட்டு என்றுகூட எடுக்கமாட்டார்கள் என்றான் அவன். திருப்பிக் கொடுத்து எட்டாக மாற்றலாமா என்று கேட்டாள். மாற்றலாம், கூலியும் சேதாரமும் போய்விடும், ஏழுகூடத் தேறாது. ராமர் மறுபடியும் ஒரே வார்த்தை சொன்னார், சொல்லிவிடு. அவள் அவர்மேல் எரிந்து விழுந்தாள். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். கல்யாணம் நின்றுபோன பெண்கள் ஒவ்வொருத்தியாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அங்கம்மாள், மஞ்சுஷா, கூடவே இரண்டு பெண்பிள்ளைகள். அதில் ஒருத்தி ரோட்டு வேலையைப் பற்றிக் கேட்டவள்; பெரியவீட்டுச் சித்தி என்று சொல்லிக்கொண்டார்கள். ஆண்கள் சந்து முனையில் சாயா குடிக்க நின்றுவிட்டார்கள். அந்த ஒற்றைக் கூடத்தில் மகாவைப் பலகையில் உட்காரவைத்து, நகைப்பெட்டியை மஞ்சுஷாவின் முன்னால் வைத்தார்கள். ராமர் கதவோரம் நின்றார். ஆவுடையம்மாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சுஷாவுக்கு முப்பத்துமூன்று வயசு. புருஷன் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் பண்ணிக்கொண்டதால், நாலு வருஷமாக மகள் அம்பிளியோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். அதிகம் பேசாதவள். பெட்டியைத் திறந்து முதலில் ஒரு வளையலை எடுத்தாள். எடுத்த விரல் தன்பாட்டில் அதைத் திருப்பியது. கட்டைவிரல் உள்பக்கத்தைத் தடவி ஓர் இடத்தில் நின்றது. கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஆவுடையம்மாள் மனசில் பந்தல் பிரிந்து, சமையல்காரன் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போய், மகள் இதே பலகையில் இதே சேலையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். மஞ்சுஷா தலையைத் தூக்கினாள். நேராக ஆவுடையம்மாளைத்தான் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“வளையல். நைன் ஒன் சிக்ஸ்” என்றாள்.

பேரை மட்டும் சொன்னால் போதும், வழக்கத்தில் முத்திரை கிடையாது. அவளாகச் சேர்த்துச் சொன்னாள். பெரியவீட்டுச் சித்தி, கடைக்காரி அல்லவா, எப்படிச் சொல்கிறாள் பார் என்று மெச்சினாள். மஞ்சுஷா ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். பாலக்கா மாலை, நைன் ஒன் சிக்ஸ். சங்கிலி, நைன் ஒன் சிக்ஸ். ஜிமிக்கியின் தண்டைக்கூட விடவில்லை. எட்டு உருப்படிக்கும் எட்டுத் தடவை சொன்னாள். மகா வெட்கமும் சிரிப்புமாகக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். அங்கம்மாள் மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ராமர் மட்டும் மனைவியை ஒருதடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஆவுடையம்மாளுக்கு அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போல இருந்தது. சாயாவுக்குப் பால் காய்ச்ச அடுக்களைக்குள் போனாள். பின்னாலேயே மஞ்சுஷா வந்தாள், தண்ணீர் கேட்டு. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

“அத்தே, ஸ்டாம்ப் நான் பார்த்தேன். பயப்படண்டா. ஆரோடும் பறய மாட்டேன்.”

ஆவுடையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஒரே ஒரு காரியம் மதி, வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள் மஞ்சுஷா. குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுல பாத்ரூம் உள்ள அறை ஒண்ணுதான். நானும் அம்பிளியும் அதுலதான் கிடக்கோம். அது எங்களுக்கு இருக்கட்டும். அனீஷ் கேட்டாலும் மகா வேண்டாம்னு சொல்லணும். அவ உங்க பேச்சைக் கேக்கிற பொண்ணுதான?”

ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள்.

“அப்போ ஒரு பிரச்சினையும் வராது” என்றாள் மஞ்சுஷா. மிரட்டுகிற முகம் இல்லை அது. பயந்துபோன முகம். அதனால்தான் ஆவுடையம்மாளுக்கு இன்னும் பயமாக இருந்தது. வம்புக்காரி கேட்டிருந்தால் சண்டை போட்டுவிடலாம். போக்கிடம் இல்லாதவள் பிடித்த பிடியை லேசில் விடமாட்டாள் என்பது, போக்கிடம் இல்லாமல் இந்த ஊரில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா?

இன்றைக்கு அறை. அது நியாயம்தான், கேட்காமலேயே கொடுக்கலாம். நாளைக்கு அம்பிளியின் ஸ்கூல் பீஸ் வரும். மறுநாள் மகாவின் சம்பளம். மகா ஏன் என்று கேட்பாள், அம்மா சொன்னால் கேளு என்று போனில் சொல்ல வேண்டும். அவள் ஒருதடவை கேட்பாள், இரண்டுதடவை கேட்பாள், பிறகு கேட்பதையே விட்டுவிடுவாள். காரணம் தெரியாமலே தன் மகள் அந்த வீட்டில் வாய் பொத்தி நடப்பாள். மாட்டுக்குத் தெரியாமல் மாட்டை விற்றுக் கயிற்றை மாற்றிக் கொடுக்கிற வியாபாரம் இது. கயிற்றை எடுத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை, தான்தான் என்று நினைத்தபோது ஆவுடையம்மாளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்துவிட்டு அப்படியே கூடத்துக்கு வந்தாள்.

அங்கம்மாள் புறப்படுகிற தோரணையில் வாசற்படியில் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். சாயா குடிக்காமல் போகக்கூடாது என்று மகா சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மைனி, ஒரு வார்த்தை. செருப்பைக் கழத்திட்டு வாங்க” என்றாள் ஆவுடையம்மாள்.

அங்கம்மாள் வந்தாள். பெரியவீட்டுச் சித்தியின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து ஆவுடையம்மாள் சொன்னாள்.

“மகா போட்டிருக்கது இருபத்திரண்டு இல்ல. எல்லாம் பதினெட்டு. எடை பத்து இருக்கு, மாத்துக் குறைவு. நான் தெரிஞ்சுதான் எடுத்தேன். அவ அப்பாவுக்கு இஷ்டமில்ல. மகாவுக்குத் தெரியாது.”

மகா கழுத்து மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அங்கம்மாளுக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. பிறகு, மஞ்சு இப்போதுதானே 916 என்று சொன்னாள் என்று மெதுவாகக் கேட்டாள். எல்லாருடைய கண்ணும் அடுக்களை வாசலில் நின்ற மஞ்சுஷாவிடம் போயிற்று.

சொல்லும் பொய்யில் இதுவே கடைசியாக இருக்கட்டும் என்று ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். காலையில போன் பண்ணிக் கெஞ்சினேன். அவமேல குத்தம் இல்ல மைனி.”

அத்தோடு முடிந்திருக்கும். மஞ்சுஷா தலையை ஆட்டியிருந்தால் போதும், பழி முழுக்க ஒரு பக்கம் விழுந்து காரியம் சுத்தமாக ஆகியிருக்கும். ஆனால் சில பேருக்குப் பொய் சொல்லத் தெரியும், தனக்காக இன்னொருத்தர் பொய் சொல்வதைப் பார்த்து நிற்கத் தெரியாது. மஞ்சுஷா நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அத்தை ஒண்ணும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன். அறைக்கு வேண்டி.”

எந்த அறை என்று அங்கம்மாளுக்குப் புரியவில்லை. மஞ்சுஷா சொன்னாள். அடுக்களையில் பேசினதையும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, கடையில் பில் வாசிக்கிற மாதிரி சொன்னாள். அதற்குள் பெரியவீட்டுச் சித்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்த அறைக்குத்தானே புதுக் கட்டிலுக்கு அளவு எடுத்தாயிற்று என்றாள். அங்கம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அங்கம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்துப் பவனைப் பற்றிக் கேட்டபோது மாறாத முகம் இப்போது மாறிப்போயிருந்தது.

“என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல மோளே?”

“கேட்டு, இல்லேன்னு சொல்லிட்டா? பிறகு நான் எங்க போவேன்?”

அளவு எடுத்தது உண்மை. அங்கம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சந்து முனையிலிருந்து ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆவுடையம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அங்கம்மாளின் வாயில் இருந்தது.

கடைசியில் அங்கம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். அறை அம்பிளிக்குத்தான், அதை நான் அனீஷிடம் பேசிக்கொள்கிறேன் என்று மகளைப் பார்க்காமலேயே சொன்னாள். பிறகு ஆவுடையம்மாளின் பக்கம் திரும்பினாள்.

“எனக்குக் கோபம் இல்லேன்னு நினைக்காதீங்க. நல்லாவே உண்டு. நாளைக்கு மண்டபத்துல ஆராவது கேட்டா பதினெட்டுன்னுதான் நான் சொல்லுவேன். நீங்களும் அதையே சொல்லணும். மாத்திச் சொன்னா அந்த நிமிஷம் நான் எழுந்து போயிருவேன்.”

“சொல்லுதேன் மைனி.”

“பத்தரைக்கு முகூர்த்தம். ஒன்பதுக்கே வந்துருங்க” என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் படியிறங்கினாள். மஞ்சுஷா பின்னால் போனாள். போகும்போது ஆவுடையம்மாளைப் பார்க்கவில்லை. ஆனால் மகாவின் தலையில் ஒருதடவை கைவைத்துவிட்டுப் போனாள்.

ஆட்டோ சத்தம் அடங்கியதும் ஆவுடையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் இருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோல இருந்தது. நாளைக்கு ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், ஒருநாள் சிரிப்பு. என் மகள் யாருக்கும் பயப்படாமல் அந்த வீட்டுக்குள் போவாள். ராமர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, மகா தன்னைக் கட்டிக்கொள்வாள் என்ற நினைப்போடு மகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

மகா பலகையைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஜிமிக்கியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுத்து மாலை, அடுத்து சங்கிலி. ஒவ்வொன்றையும் பெட்டியில் வைத்தாள். வளையல் கையில் இறுகிக் கிடந்தது, வலியப் பிடுங்கியதில் கை சிவந்துபோயிற்று.

“அப்பாவுக்குத் தெரியும்” என்றாள். “கடைக்காரருக்குத் தெரியும். மஞ்சு சேச்சிக்குப் பார்த்ததும் தெரிஞ்சு. போட்டுட்டு இருந்த எனக்கு மட்டும் தெரியாது.”

“உனக்காகத்தானே மோளே.”

“எனக்கு எத்தனை வேணும்னு நீ ஒருநாளும் கேட்கல.”

இந்த ஒரு வருஷத்தில் ஆவுடையம்மாள் விலைப்பலகையைக் கேட்டிருக்கிறாள், யூசுப்பைக் கேட்டிருக்கிறாள், சாமியைக் கேட்டிருக்கிறாள். மகளைக் கேட்கவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு நேரம் ஊருக்கு முன்னால் நின்றபோது வராத அழுகை இப்போது வந்தது.

“இப்பக் கேக்கேன்” என்றாள். “சொல்லு. நாளைக்கு என்ன போடணும்?”

மகா பெட்டியிலிருந்து ஜிமிக்கியை எடுத்தாள், இரண்டு வளையலை எடுத்தாள். அவற்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை மூடி அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

“எனக்கு இது போதும். மீதியெல்லாம் நீ சொன்ன வார்த்தைக்கு வாங்கினது. அத நீயே வச்சுக்கோ” என்றாள்.